திங்கள் முதல் வியாழன் வரை

வாடகைக்குக் குடியிருப்பவர்களைக் காப்பாற்றப் புதுச்சேரியில் ஒரு வாரியம் இருக்கிறது என்பதே காசிலிங்கத்துக்குத் தெரியாது. அதுவரை அவர் நிம்மதியாக இருந்தார்.

அவர் மில் தொழிலாளியாக இருந்தவர். மில்லை இழுத்து மூடியபின் ஒரு குட்டியானை வண்டி வாங்கி, சிமெண்ட் மூட்டை முதல் கல்யாணச் சீர்வரிசை வரை ஏற்றிக்கொண்டிருந்தார். மனைவி அஞ்சம்மாள் பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துப் பெண். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவள். இவர்களோடு காசிலிங்கத்தின் அப்பா ஆதிமூலமும் இருந்தார். ஒரு பக்கம் கைகால் விழுந்து, பின்னறைக் கட்டிலோடு கிடந்தார். குருசுக்குப்பத்தில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில், அந்தக் கீழ்வீட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

தெருவில் சமையல் வாசனை வருகிற வீடு இப்போது அது ஒன்றுதான். மற்ற வீடுகளெல்லாம் மஞ்சள் வண்ணம் பூசி, வாசலில் காகிதப்பூ படரவிட்டு, பெயரைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டுவிட்டன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் வண்டிகளும் சென்னை வண்டிகளும் வரும். ஞாயிறு சாயங்காலம் போகும். நடுவில் அந்த வீடுகள் பூட்டியே கிடக்கும். அங்கே முன்பு குடியிருந்தவர்கள் ரெட்டியார்பாளையத்துக்கு அப்பால் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

மாடியில் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் தனியாக இருந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் விட்டுப்போனது இந்த வீடும் நாலைந்து பிரெஞ்சு வார்த்தைகளும். அதனால் ஆனந்தராஜை எல்லாரும் ஐயா என்பதற்குப் பதில் 'முசே' என்றார்கள். மகன் பிரான்சில் துலூஸ் பக்கம் எங்கோ இருந்தான். ஒருநாள் ஆனந்தராஜ் கீழே இறங்கிவந்து, காசிலிங்கத்தின் தோளில் கைபோட்டார்.

"காசி, தப்பா எடுத்துக்காத. நீ மாசம் பூரா இருந்து குடுக்குறத எதிர்வூட்டுக்காரன் ரெண்டு நாள்ல வாங்கிடுறான். இதுல யாரு மேல தப்பு, நீயே சொல்லு."

"எம்மேலதான் முசே," என்றார் காசிலிங்கம். மரியாதைக்காகச் சொன்னார். ஆனந்தராஜ் அதைக் காலி செய்ய ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார். 'மேசோன் து பெஷேர்' என்று பெயர். மீனவர் இல்லம் என்று அர்த்தமாம்.

"மீன் விக்கிற நானு வெளிய போவணும். மீனவர் வூடுன்னு போர்டு மட்டும் உள்ள இருக்கணுமா?" என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

ஆனந்தராஜ் அதில் முரண்பாடு எதையும் காணவில்லை.

காசிலிங்கம் வீடு தேடினார். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "எத்தினி நாளைக்கு?" என்பதாக இருந்தது. "இருக்கறவரைக்கும்" என்றதும் கதவு சாத்தப்பட்டது. ரெட்டியார்பாளையத்தில் ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீன் வாசனை ஆவாது. படுத்த படுக்கையா இருக்கறவங்களும் ஆவாது. மத்தபடி நீங்க தாராளமா வரலாம்," என்றார். மத்தபடி என்று அவர் சொன்னதில் காசிலிங்கம் ஒருவர்தான் மிச்சம்.

மீன் வாங்குகிற ஒரு வக்கீலம்மா சொல்லித்தான் வாரியத்தைப் பற்றி அஞ்சம்மாளுக்குத் தெரிந்தது. மறுநாளே கணவனைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

வாரியம் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் இருந்தது. தொடங்கியபோது அதன் பெயர் வாடகைதாரர் நல வாரியம். பிறகு முன்னால் 'விருந்தினர் மற்றும்' என்று சேர்த்திருந்தார்கள். அதற்கும் பிறகு காகிதப்பூக்கொடி படர்ந்து 'வாடகைதாரர்' என்ற சொல்லை மூடிக்கொண்டது. கொடியை வெட்ட வாரியம் அனுமதி தரவில்லை. புகைப்படத்துக்கு அது நன்றாக இருந்தது.

விசாரணை மாடிப்படிக்கு அடியில் நடந்தது. விசாரணைக் கூடத்திலிருந்து கடல் தெரிவதால் அதைச் சுற்றுலா வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தார்கள். செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, உறுப்பினர் செயலர் ஹேமலதா உட்கார்ந்திருந்தார். தலை நிமிர்ந்தால் படி இடிக்கும் என்பதால் எல்லாரிடமும் சற்றுக் குனிந்தே பேசினார். பார்ப்பதற்குப் பணிவாகத்தான் இருந்தது.

"எத்தனை ராத்திரி தங்கியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ராத்திரியா? பத்தொம்பது வருசமா இருக்கோம் மேடம்."

"வருஷக் கணக்கு எங்ககிட்ட இல்லீங்க. வாடகைதாரர்னா யாரு? ஒரு ராத்திரிக்குக் குறையாம, ஒரு மாசத்துக்கு மேற்படாம தங்குறவர். நீங்க அந்த மாசத்தத் தாண்டிப் பதினெட்டே முக்கால் வருஷத்துக்கு மேல ஆவுது. விதிப்படி நீங்க வாடகைதாரர் இல்ல."

"அப்ப நாங்க யாரு?" என்றாள் அஞ்சம்மாள்.

ஹேமலதா யோசித்தார். நல்ல மனம் உள்ளவர் என்பதால் மென்மையான சொல்லாகத் தேடினார்.

"தடங்கல்," என்றார்.

அப்போது மாடியிலிருந்து ஒருவர் இடுப்பில் துண்டோடு பாதிப்படி வரை இறங்கிவந்து வெந்நீர் வரவில்லை என்றார். ஹேமலதா விசாரணையை ஒத்திவைத்து எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை படியில் இடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஓடிப்போய் ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார். மக்கள் பணியில் அவர் காட்டும் வேகத்தை அன்றுதான் தம்பதியர் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது வாரியத் தலைவர் சக்கரபாணியும் கூடவே வந்தார். தடங்கல் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் பார்க்க வந்திருந்தார். கைகூப்பிவிட்டு நின்றபடியே பேசினார். பேச ஆரம்பித்தால் அவர் உட்காருவதில்லை.

"நான் வாடகைதாரர்களுக்காகவே வாழ்கிறவன். எனக்கு இந்த ஊரில் பதினோரு வீடு இருக்கிறது. ஒன்றிலாவது ஒரு வாடகைதாரரைக் குடிவைத்து, பிறகு காலி செய் என்று சொல்லி, அவர் மனத்தை நோகடித்திருப்பேனா? கிடையாது. முதலிலேயே யாரையும் வைக்கவில்லை. இந்தக் கருணை எல்லா வீட்டுக்காரர்களுக்கும் வரவேண்டும் என்பதற்காகத்தான் வாரியம் பாடுபடுகிறது. வீடு தூங்குவதற்கு என்று நினைக்கிறோம். தூக்கம் எங்கே வேண்டுமானாலும் வரும். கடல்காற்று எங்கே வேண்டுமானாலும் வருமா?"

காசிலிங்கம், "வராதுங்க," என்றார்.

"பார்த்தீர்களா, இவரே சொல்கிறார்," என்றார் சக்கரபாணி.

அஞ்சம்மாள் விடவில்லை. படுத்தபடுக்கையான கிழவரை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்க முடியாது என்றாள். குரல் மேலே இருந்த குடும்பத்துக்குக் கேட்டுவிடும் அபாயம் இருந்தது. எனவே வாரியம் அவசரமாக ஒரு சமரசத்துக்கு வந்தது. அதற்கு வாரநாள் வாடகைத் திட்டம் என்று பெயர். திங்கள் முதல் வியாழன் வரை காசிலிங்கம் குடும்பம் வீட்டில் இருக்கலாம். வெள்ளி காலை காலி செய்துவிட்டு, திங்கள் காலை மறுபடி குடிவரலாம். வாடகையில் குறைப்பு கிடையாது. மீதி நாட்களில் வீட்டை மற்றவர்கள் சுத்தமாக வைத்திருப்பார்கள் என்பதால் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள்.

இப்படித்தான் காசிலிங்கம் வாராவாரம் வீடு மாற ஆரம்பித்தார். ஊரில் எத்தனையோ பேருடைய வீட்டுச் சாமானை ஏற்றிய வண்டியில் இப்போது தன் சாமானையே ஏற்றினார். அடுப்பு, சிலிண்டர், தண்ணீர்க்குடங்கள், சாமி படங்கள், கடைசியாகக் கட்டிலோடு ஆதிமூலம். வெள்ளிக்கிழமை பிள்ளைச்சாவடியில் அஞ்சம்மாளின் தம்பி முத்துவேல் வீட்டில் வலை போட்டுவைக்கும் கொட்டகைக்குப் போவார்கள். திங்களன்று திரும்பி வருவார்கள்.

ஆதிமூலத்துக்குக் கிழமை தெரியாது. வண்டி கிளம்பினால் மட்டும் கண்ணைத் திறந்து, கோணிய வாயால் கேட்பார்.

"எங்கடா போறோம்?"

"வூட்டுக்கு நைனா," என்பார் காசிலிங்கம்.

போகும்போதும் அதையே சொன்னார். வரும்போதும் அதையே சொன்னார். பொய் எந்த நடையில் இருந்தது என்று அவருக்கே சில நாள் குழப்பமாக இருக்கும்.

வந்து பார்த்தால் வீடு ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி இருக்கும். ஒரு வாரம் சாமி மாடத்தில் காலி பீர் பாட்டிலில் செம்பருத்தி செருகியிருந்தது. ஒரு வாரம் அம்மி காணாமல் போய், தேடினால் குளியலறையில் சோப்பு வைக்கும் கல்லாக இருந்தது. அஞ்சம்மாள் எல்லாவற்றையும் கழுவி, பழைய இடத்தில் வைத்து, கோலம் போட்டு முடிப்பதற்குள் வியாழன் வந்துவிடும்.

ஆனந்தராஜுக்கு இதில் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தான் இருந்த மாடியையும் விட்டுவிட்டார். தன் கட்டிலில் யாரோ தூங்க, அவர் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிப் படுத்தார். முதலில் சனி ஞாயிறு மட்டும். பிறகு மாடிக்கு ஒரு மாதம் தங்குகிறவர்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் இன்னொரு மாதம் தங்குகிறவர்கள் வந்தார்கள்.

"காத்து என்னாமா வருது தெரியுமா?" என்று காசிலிங்கத்திடம் சொல்லிவிட்டு நெடுநேரம் இருமினார்.

விருந்தினர்கள் போகும்போது போனில் நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். அது ஒன்று குறைந்தால் ஆனந்தராஜுக்குச் சோறு இறங்காது. மழைக்காலத்தில் ஒருவர், 'மொட்டைமாடியில் யாரோ ஒரு வயதான ஆள் நடமாடுகிறார், பயமாக இருக்கிறது' என்று எழுதி ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தார். அன்று முதல் ஆனந்தராஜ் தன் வீட்டு மொட்டைமாடியில் நடமாடுவதை நிறுத்தினார்.

கீழ்வீட்டைப் பற்றி வேறொருவர் எழுதினார். 'வீடு அழகு. ஆனால் உயிர் இல்லை. மீனவர் இல்லத்தில் மீனவர் எங்கே?'

வாரியம் அதிர்ந்தது. மாடிப்படிக்கு அடியில் அவசரக் கூட்டம் நடந்தது. வாடகைதாரர்கள் கொடுத்த மனுக்களெல்லாம் செருப்புத் தட்டில் இருந்தன, ஆனால் இது விருந்தினரின் வருத்தம். 'உயிருள்ள பாரம்பரியம்' என்றொரு திட்டம் உருவானது. வீட்டில் வாரநாளில் இருக்கும் குடும்பமே சனி ஞாயிறு பகல் முழுவதும் அங்கே வந்து வாழ வேண்டும். விருந்தினர் பார்ப்பார்கள். மாலையானதும் குடும்பம் வெளியேறிவிட வேண்டும்.

"வாழ்ந்தா எதாச்சும் குடுப்பீங்களா?" என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

"உங்க வூட்ல நீங்க வாழுறதுக்கு நாங்க எதுக்கும்மா குடுக்கணும்?" என்றார் ஹேமலதா. அவர் அதை உங்கள் வீடு என்று சொன்னது அந்த ஒருமுறைதான்.

சம்மதிக்காவிட்டால் வாரநாளும் போய்விடும் என்றார்கள். சம்மதித்தார்கள்.

திட்டத்தைச் சக்கரபாணி வாசலில் நாடா வெட்டித் தொடங்கிவைத்தார். காசிலிங்கத்துக்கு முண்டாசு கட்டி, கையில் வலையைக் கொடுத்து, நடைவாசலில் உட்காரவைத்தார்கள். அவர் மில்காரர். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வலை பின்னத் தெரியாது என்றார். தெரிந்தவரைக்கும் செய்யுங்கள் என்றார்கள். மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்ட பழக்கத்தில் அவர் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். விருந்தினர்கள் குனிந்து படம் எடுத்தார்கள். பார்க்க வந்த முத்துவேல் வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது வாலிபால் நெட்டு," என்றான். வாரியம் டெண்டர் விட்டு வாங்கியது என்பதால் மாற்ற முடியாது என்று ஹேமலதா சொல்லிவிட்டார்.

அஞ்சம்மாள் பின்கட்டில் அரிவாள்மனையில் மீன் ஆய்ந்தாள். வேகம் அதிகம், படத்தில் கை தெரியவில்லை என்று ஒரு பெண் குறைப்பட்டாள். மெதுவாக ஆயச் சொன்னார்கள். அவள் வஞ்சிரத்தை மெதுவாக ஆய்ந்து முடிப்பதற்குள் கூடையில் இருந்த மீன் கெட ஆரம்பித்தது. நாற்றம் வருகிறது என்று இன்னொருவர் சொன்னார். வாரியத்திலிருந்து ஊதுபத்தி கொடுத்தனுப்பினார்கள்.

"எங்க வூட்ல செத்துப்போனவங்களுக்குத்தான் ஊதுபத்தி கொளுத்துவோம்," என்று அஞ்சம்மாள் முணுமுணுத்தாள். அதையும் ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டார்.

ஆனால் எல்லாரும் விரும்பிப் பார்த்தது ஆதிமூலத்தைத்தான். சுருங்கிய தோல், வெண்தாடி, எங்கேயோ பார்க்கும் கண். பின்னறை வாசலில் வரிசை நின்றது. வாரியம் அவரைத் தனியாகவே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டில் காலில் தொடாதீர்கள் என்று ஒட்டினார்கள். தாடி அரிக்கிறது என்று அவர் கையை ஆட்டியதால் காசிலிங்கம் சவரம் செய்யப் போனபோது ஹேமலதா பதறி ஓடிவந்தார்.

"பாரம்பரியக் கட்டடத்துக்கு என்ன விதியோ அதான் இவருக்கும். முகப்புல எந்த மாற்றமும் செய்யக் கூடாது."

"அவரு கட்டடம் இல்ல மேடம். எங்கப்பா."

"அது உங்களுக்கு. ஊருக்கு அவரு பாரம்பரியம். கொஞ்சம் பெரிய மனசோட பாருங்க."

பாரம்பரியப் பொருளை இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது என்பதும் அதே விதிதான். எனவே வெள்ளி, சனி, ஞாயிறு ராத்திரிகளிலும் ஆதிமூலம் வீட்டிலேயே இருக்கவேண்டும், குடும்பம் மட்டும் போய்விட வேண்டும் என்று ஆயிற்று. ராத்திரியில் தண்ணீர் கேட்டால் யார் கொடுப்பது, ஒருவராவது துணைக்கு இருக்கிறோம் என்று காசிலிங்கம் கெஞ்சினார். வாரியம் மனிதாபிமானத்தோடு பரிசீலித்தது. கூடுதலாக ஒருவர் தங்கினால் விருந்தினர் கட்டும் கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தங்கலாம் என்று பதில் வந்தது. அந்தக் கட்டணத்தை அவரால் கட்ட முடிந்திருந்தால் அவர் ஏன் வாரியத்துக்குப் போகிறார்?

தெருமுனையில் குட்டியானையை நிறுத்தி, அதன் முதுகில் இருவரும் படுத்துக்கொண்டார்கள். அஞ்சம்மாள் போகுமுன் கிழவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். படத்தில் விழுகிறது என்று யாராவது அதை நகர்த்திவைத்துவிடுவார்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கஞ்சியோடு உள்ளே போனபோது, பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த நண்பர்கள் சிலர் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சிரித்த முகமாக வரவேற்று, தன் போனைக் காட்டினாள். எழுந்ததும் கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படம். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அஞ்சம்மாளுக்காக அந்தப் பெண்ணே தமிழில் சொன்னாள்: "அமைதின்னா இதுதான்னு போட்டிருக்கேன் ஆன்ட்டி. எவ்ளோ லைக்ஸ் பாருங்க."

அஞ்சம்மாள் படத்தைப் பார்த்தாள். மீனைப் பார்த்தவுடன் உயிர் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிகிறவளுக்கு, மாமனாரின் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கஞ்சிப் பாத்திரத்தை அங்கேயே போட்டுவிட்டு, "மாமா!" என்று அலறிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். சொம்பு சன்னலில் இருந்தது.

காசிலிங்கம் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். ராத்திரி தான் இருந்திருந்தால் ஒருவாய் தண்ணீராவது இறங்கியிருக்கும் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தார். முண்டாசு தலையில் அப்படியே இருந்தது. அதை அவிழ்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

பிள்ளைச்சாவடிக்குச் சொல்லிவிட்டார்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பி, சனம் வந்து சேர மத்தியானம் ஆகும் என்றான் முத்துவேல். பிணத்துக்குக் குளிர்பெட்டி வந்தது. பெட்டியைச் செருகியதும் வீட்டில் கரண்ட் போயிற்று. விருந்தினர் அறையின் ஏசியும் பெட்டியும் சேர்ந்து ஓட லைன் தாங்கவில்லை. ஆனந்தராஜ் மொட்டைமாடியிலிருந்து இறங்கிவந்து இரண்டு பிளக்குகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"முசே, எங்கப்பா," என்றார் காசிலிங்கம்.

"எனக்கும் பெரியவருதான் காசி. ஆனா அவுங்க ஸ்டாரக் கொறச்சிட்டா என்னா பண்றது, சொல்லு," என்று கண்கலங்கியபடியே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

ஹேமலதா வந்தார். அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் பெரியது. பாரம்பரியப் பொருளை அகற்ற வாரியத்தின் முழுக்கூட்டம் கூடி அனுமதி தரவேண்டும். அதற்கு நாளாகும். ஆனால் காலை பதினொரு மணிக்கு வீட்டைக் காலி செய்துவிட வேண்டும், ஞாயிறு ராத்திரிக்கு எடுத்திருக்கும் விருந்தினர் ஒரு மணிக்கு வருகிறார்கள். இறந்தவரை எடுக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. அவர் சக்கரபாணிக்குப் போன் போட்டார். சக்கரபாணி மாலையோடு வந்து, மாலையைப் போடுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"இவர் நம் வாரியத்தின் சொத்து. வாழ்ந்த காலத்தில் இவரால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. கடைசிச் சில மாதங்களில்தான் ஊருக்குப் பயன்பட்டார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்தது வாரியம் என்று நினைக்கும்போது எனக்கே கண்ணீர் வருகிறது. இவரை நாம் அகற்றப்போவதில்லை. வாசலுக்கு வெளியே தற்காலிகமாக இடம் மாற்றுகிறோம். அவ்வளவுதான். பதினொன்று ஆகிவிட்டதா, பாருங்கள்."

ஆகியிருந்தது.

ஆதிமூலத்தைக் கட்டிலோடு தூக்கிக் குட்டியானையில் வைத்தார்கள். அவருக்குச் செய்யவேண்டிய சடங்கெல்லாம் வண்டியின் முதுகிலேயே நடந்தது. தெருவில் நிறுத்த இடமில்லை. வந்துகொண்டிருந்த கார்களுக்கு வழிவிட்டு வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை நகரும்போதும் மாரடிக்கிற பெண்கள் பக்கவாட்டில் நடந்தார்கள். பெங்களூர் நண்பர்கள் மேளத்துக்குக் கைதட்டினார்கள். ஒருவன் ஆடினான். நன்றாகவே ஆடினான் என்று முத்துவேல் பிறகு ஒப்புக்கொண்டான்.

கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குக் கிளம்ப வண்டியைக் கிளப்பியபோது காசிலிங்கத்தின் வாய் தானாகத் திறந்தது.

"வூட்டுக்கு நைனா," என்றார். பின்னால் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவர் வீட்டுச் சாவியை ஆனந்தராஜின் கையில் வைத்துவிட்டு, அஞ்சம்மாளோடு பிள்ளைச்சாவடிக் கொட்டகைக்கே போய்விட்டார். ஆனந்தராஜ், "போறியா காசி?" என்று மட்டும் கேட்டார். வார நாளில் வீட்டைக் கழுவ இனி யாரை வைப்பது என்ற கவலை அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

வாரியம் அவர்களை விடவில்லை. சில வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டது. இந்தமுறை காசிலிங்கம் எதிர்மனுதாரர். மாடிப்படிக்கு அடியில் அவரும் அஞ்சம்மாளும் ஒரு பக்கம் நின்றார்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் ஆனந்தராஜ் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். நஷ்டஈடு கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சக்கரபாணி நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பெங்களூர் நண்பர்கள் ஐந்து நட்சத்திரமும் போட்டு, சாவு ஊர்வலத்தின் படங்களையும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் பதிவு செய்தார்கள். வந்து பார்த்தால் சாவு இல்லை. கட்டில்கூட இல்லை. வரிசையாகப் புகார்கள் வந்துவிட்டன.

"படத்துல காட்டிட்டு நேர்ல இல்லன்னா அது ஏமாத்து வேலைதானே?" என்றார் ஹேமலதா. "நம்பி வந்தவங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது? ஒரு குடும்பம் பொண்ணோட பிறந்தநாளுக்குன்னு வந்திருக்காங்க."

"எங்க மாமனாரு திரும்பவும் சாவணுமா?" என்றாள் அஞ்சம்மாள்.

"கோபப்படாதீங்கம்மா," என்றார் சக்கரபாணி. குரலில் உண்மையான பரிவு இருந்தது. "முடியாததை வாரியம் என்றைக்காவது கேட்டிருக்கிறதா? அவர் போய்விட்டார், அது ஈடு செய்ய முடியாத இழப்பு. ஈடு செய்ய வழி உண்டா என்றுதான் பார்க்கிறோம். அந்த வீட்டில் வேறு பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

அஞ்சம்மாள் குனிந்து செருப்புத் தட்டைப் பார்த்தாள். எந்தச் செருப்பை எடுப்பது என்று அவள் தேர்ந்துகொண்டிருந்தது காசிலிங்கத்துக்குப் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடமும் அதற்குப் பிந்தைய மாதங்களும் யார் என்ன கேட்டாலும் கடைசியில் ஆமாங்க என்றே சொல்லி வந்தவர், அன்று முதல்முறையாக நிதானமாக யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"இருக்காருங்க. மொட்டமாடில."

எல்லாரும் ஆனந்தராஜைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனந்தராஜ் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னது என்று நினைத்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கவனித்ததும் சிரிப்பை நடுவிலேயே நிறுத்திவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"உங்களுக்கு வயசு என்ன முசே?" என்று ஹேமலதா கேட்டார். அவரிடம் அவ்வளவு மரியாதையாக வாரியத்தில் யாரும் பேசியதில்லை.

"அறுவத்தெட்டு. ஆனா எனக்குச் சுகர்கூடக் கெடையாதே."

சக்கரபாணியின் முகம் வாடியது.

"இருமல் இருக்கில்ல?" என்றார் ஹேமலதா, ஆறுதலாக.

"அது ஒண்ணுமில்ல மேடம், வெறும் பனி. மொட்டமாடில படுக்குறேன்ல, அதான். கீழ வந்து படுத்தா ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

சக்கரபாணி முதல்முறையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆனந்தராஜுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம்," என்றார். "மொட்டைமாடியிலேயே படுங்கள்."